யுலிசிஸும் தூங்கிப்போன வாசகர்களும்

இன்னைக்கு எபிசோட், ஒரு நாவலைப் படிக்கத் திணறினவங்களோட வரலாறு. நாவல், ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதின 'யுலிசிஸ்'. திணறினவங்க யார் யாருன்னு கேட்டா உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.

முதல்ல நாவலைப் பத்தி. 1904 ஜூன் 16, டப்ளின் நகரம், ஒரே நாள். பத்திரிகைக்கு விளம்பரம் பிடிச்சுக் கொடுக்கிற லியோபோல்ட் புளூம் காலையில எழுந்து, சமைச்சு, ஒரு சாவுக்குப் போய், ஊரைச் சுத்திட்டு ராத்திரி வீட்டுக்கு வர்றார். கதை கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனா 18 அத்தியாயம். நடை மாறிக்கிட்டே இருக்கும். ஒண்ணுல செய்தித்தாள் தலைப்புகள், ஒண்ணு நாடகம், ஒண்ணு கேள்வி பதில். கடைசி அத்தியாயத்துல முற்றுப்புள்ளியைத் தேடணும். 1922 பிப்ரவரி 2, ஜாய்ஸோட 40-வது பிறந்தநாள் அன்னைக்கு, பாரிஸ்ல புத்தகக் கடை வெச்சிருந்த சில்வியா பீச் இதை வெளியிட்டாங்க. 732 பக்கம், 1000 பிரதிகள்.

இப்போ நாலு வருஷம் பின்னாடி போவோம். 1918 ஏப்ரல், லண்டன் பக்கத்துல ரிச்மண்ட். ஜாய்ஸுக்குப் பணம் கொடுத்து ஆதரிச்ச ஹாரியட் வீவர், நாவலோட முதல் அத்தியாயங்களை எடுத்துக்கிட்டு வர்ஜீனியா வுல்ஃப் வீட்டுக்கு வர்றாங்க. வழக்கு வந்துடும்னு பயந்து இங்கிலாந்து அச்சகங்கள் மறுத்துட்ட நேரம் அது. வுல்ஃபும் அவர் கணவரும் வீட்டுலயே ஒரு சின்ன கை அச்சு மெஷின் வெச்சிருந்தாங்க. 300 பக்கம் அச்சடிக்கவே எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆகும், முடியாதுன்னு பதில் எழுதிட்டாங்க.

அந்தக் காகிதக் கட்டு கொஞ்ச நாள் வுல்ஃப் வீட்டு அலமாரி இழுப்பறையில கிடந்தது. ஒரு நாள் எழுத்தாளர் கேத்தரின் மான்ஸ்ஃபீல்ட் வந்தப்போ வுல்ஃப் அதை எடுத்துக் காட்டினாங்க. மான்ஸ்ஃபீல்ட் கிண்டல் பண்ணிக்கிட்டே படிக்க ஆரம்பிச்சு, திடீர்னு நிறுத்தி, இதுல ஏதோ இருக்குன்னு சொன்னாங்களாம். 1941-ல ஜாய்ஸ் செத்த சேதி வந்தப்போ, வுல்ஃப் தன் டைரியில ஞாபகமா எழுதி வெச்சது இது. ரசனை ஒரு பக்கத்துக்கு நடுவுலயே மாறும்கிறதுக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

வுல்ஃபுக்கு அப்படி மாறல. 1922 ஆகஸ்ட்ல புத்தகத்தை முறையா படிக்க ஆரம்பிக்கிறாங்க. கல்லறைக் காட்சி வரைக்கும் நல்லா இருந்தது, அப்புறம் குழப்பம், சலிப்பு, எரிச்சல்னு டைரியில எழுதுறாங்க. டி. எஸ். எலியட் போய் இதை டால்ஸ்டாயோட 'போரும் வாழ்வும்' நாவலுக்குச் சமமா வைக்கிறாரேன்னு ஆச்சரியம் வேற. அதோட நிக்கல. தானா படிச்சு முன்னேறின ஒரு தொழிலாளி எழுதின புத்தகம் மாதிரி இருக்குன்னு ஒரு வரி.

இந்த இடத்துல நான் கொஞ்சம் நின்னேன். ஜாய்ஸ் 1902-லயே டப்ளின்ல பட்டம் வாங்கினவர். வுல்ஃபோட அண்ணன் தம்பிதான் கேம்பிரிட்ஜ் போனாங்க, அவங்க போகல. அப்போ அந்த வரியில பேசுறது புத்தகத்தைப் பத்தின கருத்து மட்டும் இல்ல, வர்க்கமும் சேர்ந்து பேசுது. 'என் டேஸ்ட்'னு நாம சொல்றதுக்குள்ள நாம வளர்ந்த வீடும் தெருவும் ஒளிஞ்சிருக்கும். நம்ம ஊர்லயும் யாரோட எழுத்தை 'கரடுமுரடு'ன்னு ஒதுக்குறோம்னு யோசிச்சா இது புரியும்.

ஆனா ஒரு விஷயத்துக்காக வுல்ஃபை எனக்குப் பிடிக்கும். பிடிக்காமலே செப்டம்பர்ல புத்தகத்தை முடிச்சாங்க. முடிச்ச பிறகு கணவர் ஒரு அமெரிக்க மதிப்புரையைக் காட்டினார். அதைப் படிச்சிட்டு, நான் நினைச்சதைவிட இதுல அதிகம் இருக்கு போலன்னு டைரியில ஒத்துக்கிட்டாங்க. மூணு வருஷம் கழிச்சு வந்த அவங்க நாவல் 'மிஸஸ் டாலோவே'யும் ஜூன் மாசத்துல ஒரே நாள், ஒரு நகரம், மனசுக்குள்ள ஓடுற பேச்சு.

அடுத்து கார்ல் யுங். மனித மனசோட ஆழத்தையே ஆராய்ச்சி பண்ணினவர். 1932-ல வந்த கட்டுரையில, 135-வது பக்கம் வர்றதுக்குள்ள ரெண்டு தடவை தூங்கிட்டேன்னு எழுதினார். ஆனா கடைசி அத்தியாயத்தைப் பாராட்டி ஜாய்ஸுக்கே கடிதமும் போட்டார்.

மூணாவது ஆள் ஒரு நீதிபதி. ஆபாசம்னு அமெரிக்காவுல நாவலுக்குத் தடை. 1933 டிசம்பர்ல நீதிபதி ஜான் வூல்சி தடையை நீக்கினார். தீர்ப்புலயே இது சுலபமான புத்தகம் இல்லன்னு சொல்லி, கூடவே இதைப் பத்தி வந்த மத்த புத்தகங்களையும் படிக்கிறது நல்லதுன்னு எழுதினார். கோர்ட் தீர்ப்புல வழிகாட்டி நூல் சிபாரிசு!

அது தப்பும் இல்ல. ஜாய்ஸே 1920-ல நண்பர் கார்லோ லினாட்டிக்கு அத்தியாயம் வாரியா ஒரு அட்டவணை போட்டு அனுப்பினார். 1930-ல ஸ்டூவர்ட் கில்பர்ட் எழுதின விளக்க நூலுக்கும் கூட இருந்து உதவினார். வேலையில புரியாத கோட் வந்தா நாம டாக்குமென்டேஷன் பார்க்கிறோம், பக்கத்து சீட்ல கேக்கிறோம். நாவலுக்கு மட்டும் உதவி தேடினா ஏன் கூச்சப்படணும்?

சரி, எல்லையே இல்லாம சகிச்சுக்கணுமா? அதுவும் இல்ல. யுலிசிஸுக்காகச் சண்டை போட்ட எஸ்ரா பவுண்ட், ஜாய்ஸோட அடுத்த நாவலான 'ஃபின்னகன்ஸ் வேக்' கைப்பிரதியைப் பார்த்துட்டு, எனக்கு ஒண்ணும் பிடிபடலன்னு 1926-ல சொல்லிட்டார். ஹாரியட் வீவரும் மறு வருஷம், இந்த வார்த்தை விளையாட்டு எனக்கு ஒத்து வரலன்னு எழுதினாங்க. ஆனா பணம் கொடுக்கிறதை நிறுத்தல. 1941-ல ஜாய்ஸோட இறுதிச் சடங்குக்கும் அவங்கதான் செலவு பண்ணினாங்க. பிடிக்காத புத்தகத்தை மதிக்க முடியும்னு வீவர் காட்டிட்டுப் போனாங்க.

கலிஃபோர்னியாவுல வெனிஸ்ங்கிற இடத்துல ஒரு வாசகர் குழு 1995-ல அதே ஃபின்னகன்ஸ் வேக்கைப் படிக்க ஆரம்பிச்சது. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பக்கம். 2023 அக்டோபர்ல கடைசிப் பக்கம் வந்தது, 28 வருஷம். அந்த நாவலோட கடைசி வரி முதல் வரியோட போய்ச் சேரும், அதனால மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சிட்டாங்க. அவசரமே இல்லாத இன்ஃபினிட் லூப்.

நான் எங்க இருக்கேன்? யுலிசிஸ் 14-வது அத்தியாயம். இங்கிலீஷ் உரைநடையோட பல நூற்றாண்டு நடைகளை வரிசையா போலி செஞ்சு எழுதின அத்தியாயம். ஆடியோவைக் காதுல ஓடவிட்டு, விளக்க நூலைப் பக்கத்துல வெச்சுத்தான் இதுவரைக்கும் வந்தேன். கல்லறை அத்தியாயத்தை நாலு தடவை படிச்சிட்டேன், அவ்வளவு பிடிக்கும். இந்த 14 இன்னும் பிடிக்கல.

'புரியல', 'பிடிக்கல' ரெண்டையும் நாம ஒண்ணாக்கிடுறோம். புரியலன்னா உதவி இருக்கு, நேரம் இருக்கு, துணை இருக்கு. அதெல்லாம் பார்த்த பிறகும் பிடிக்கலன்னா, அது உங்க ரசனை. அதுக்கு யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டாம்.

உங்க இழுப்பறையில பாதியில கிடக்கிற புத்தகம் எது? அது புரியலயா, பிடிக்கலயா? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.