பெருமாள் கோயிலுக்கு வழி கேட்ட கணினி



இந்தத் தடவை கல்வெட்டும் இல்லை, பழைய பஸ் ஸ்டாண்டு கதையும் இல்லை. கம்ப்யூட்டர் வரலாறு கொஞ்சம் எழுதப் போகிறேன். பயந்து ஓடிவிடாதீர்கள். நம் பேரன் பேத்திகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எதோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

போன மாதம் பிள்ளையார்பாளையத்திலிருந்து எனக்குத் தெரிந்த பட்டு நெசவாளர் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பெண் பொறியியல் இரண்டாம் ஆண்டு. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கையில் லேப்டாப், தறிக்கூலியில் மாதாமாதம் தவணை கட்டி வாங்கியது.

"சார், மூணு நாளா சரியா சாப்பிடல. இந்தப் படிப்பு எனக்கு வராதுப்பா, வீட்டுலயே தார் சுத்திக்கிட்டு இருக்கேன்னு சொல்றா. நீங்க கம்ப்யூட்டர்ல இருந்தவராச்சே, கொஞ்சம் பாருங்க" என்றார்.

நான் சென்னையில் ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இன்றைய கருவிகள் எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் திரையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கறுப்புத் திரையில் அவள் ஒரு கட்டளையைத் தட்டியிருக்கிறாள். அதற்குக் கம்ப்யூட்டரின் பதிலைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நீ சொன்ன பெயரில் எனக்கு உள் கட்டளையும் தெரியாது, வெளிக் கட்டளையும் தெரியாது."

"ஜாவாவை மூணு தடவை இறக்கி ஏத்திட்டேன் தாத்தா. இருக்கு. ஆனா இல்லைங்குது" என்றாள் பெண்.

இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது. இதை அவளுக்குப் புரியவைக்க நம் ஊரைவிட நல்ல உதாரணம் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி "பெருமாள் கோயிலுக்கு எப்படிப் போகணும்?" என்று ஒருவர் கேட்டால் என்ன ஆகும்? வைணவ மரபில் 'கோயில்' என்றால் திருவரங்கம், 'திருமலை' என்றால் திருப்பதி, 'பெருமாள் கோயில்' என்றால் நம் வரதராஜப் பெருமாள் கோயில். ஆனால் வழி சொல்கிறவருக்கு அந்த மரபு தெரிந்திருக்க வேண்டுமே? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே உலகளந்த பெருமாள் இருக்கிறார். கொஞ்சம் தள்ளி வைகுண்டப் பெருமாள் இருக்கிறார். முதலில் மனதில் வருகிற கோயிலைக் காட்டிவிடுவார். சின்ன காஞ்சிபுரம் பக்கமே போகாத வெளியூர் ஆட்டோக்காரராக இருந்தால், "அப்படி ஒரு கோயில் தெரியாதுங்க" என்றுகூடச் சொல்லலாம். அதனால் வரதர் எங்கும் போய்விடவில்லை.

கம்ப்யூட்டரும் அந்த ஆட்டோக்காரர் மாதிரிதான். நாம் ஒரு பெயரைத் தட்டினால் அது டிஸ்க் முழுவதையும் சலித்துத் தேடாது. 'பாத்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். எந்தெந்தக் கோப்புறையில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதுதான் அந்தப் பட்டியல். முதலில் எங்கே அந்தப் பெயர் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத இடத்தில் இருந்தால், இல்லை என்று சொல்லிவிடும்.

இந்தப் பட்டியல் எப்படி வந்தது? 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். அன்றைய டிஸ்க் ஒன்றில் இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட வைக்க முடியாது. கட்டளை நிரல்களெல்லாம் முதலில் 'பின்' என்ற ஒரே கோப்புறையில் இருந்தன. நிரல்கள் பெருகப் பெருக இடம் போதவில்லை. பயனாளர்களின் கோப்புகளுக்கென்று இருந்த 'யூசர்' பகுதியிலும் ஒரு 'பின்' உண்டாயிற்று. சாமான் அதிகமானதும் பக்கத்து அறையில் ஒரு பரண் கட்டிக்கொள்வது போலத்தான். அதன் பிறகு எந்தப் பரணில் முதலில் பார்ப்பது, எதில் அடுத்துப் பார்ப்பது என்று சொல்ல வேண்டி வந்தது. 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீபன் பெளர்ன் எழுதிய ஷெல்லில், அவரவர் தன் விருப்பப்படி மாற்றி எழுதிக்கொள்ளும் 'பாத்' பட்டியல் இருந்தது.

1983இல் மைக்ரோசாஃப்ட்டின் டாஸ் 2.0 வந்தபோது கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் வசதியோடு இந்தப் பட்டியலும் வந்தது. யுனிக்ஸில் இரண்டு இடங்களுக்கு நடுவே முக்காற்புள்ளி போடுவார்கள். டாஸில் டிரைவின் பெயரிலேயே முக்காற்புள்ளி உண்டு என்பதால் அரைப்புள்ளி போட்டார்கள். இணையத்தில் படித்ததை அப்படியே பார்த்து அடிக்கும் பிள்ளைகள் இன்றைக்கும் இதில் தடுக்கி விழுகிறார்கள். திரையில் வந்த 'உள் கட்டளை, வெளிக் கட்டளை' என்ற பேச்சும் டாஸ் காலத்து மிச்சம்தான். கோப்புகளின் பட்டியல் காட்டுவது, கோப்பை நகல் எடுப்பது போன்றவை கட்டளைத் திரைக்குள்ளேயே இருக்கும். அவை உள் கட்டளைகள். மற்றதெல்லாம் டிஸ்கில் தனிக் கோப்பு. அதைத் தேடிப் போக வழி வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொண்ணூறுகளின் தொடக்கம். மாதக் கடைசி, சம்பளப் பட்டியல் அச்சடிக்கும் நாள். முதல் நாள் மாலை யாரோ புதிதாக ஒரு மென்பொருளை ஏற்றியிருந்தார்கள். அது பழைய 'பாத்' வரியை அழித்துவிட்டுத் தன் வரியை எழுதிக்கொண்டது. காலையில் சம்பள நிரலின் பெயரைத் தட்டினால் "பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்" என்றது. நிரலே அழிந்துவிட்டது என்று முடிவு கட்டி, மேலதிகாரி எல்லோருக்கும் முன்னால் என்னை வைத துஷ்ட வார்த்தைகள் இன்னும் காதில் இருக்கின்றன. மதியம் மூன்று மணிக்குத்தான் விஷயம் பிடிபட்டது. ஒரே ஒரு வரியைத் திருத்தினேன், சம்பளம் அச்சாகிவிட்டது. மன்னிப்புதான் யாரும் கேட்கவில்லை.

பெண்ணிடம் அதிகம் பேசாமல், "வேர் ஜாவா" என்ற கட்டளையைத் தட்டச் சொன்னேன். அந்தப் பெயரில் பட்டியலில் எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்று விண்டோஸ் வரிசையாகக் காட்டும். எப்போதோ ஏறிய பழைய ஜாவா ஒன்று மட்டும் வந்தது. நிரல்களை ஓட்ட மட்டுமே அதற்குத் தெரியும், புதிதாக உருவாக்கத் தெரியாது. அவள் மூன்று முறை ஏற்றிய புதிய ஜாவா இருந்த கோப்புறை பட்டியலிலேயே இல்லை. அதைச் சேர்த்து, பழையதற்கு முன்னால் நகர்த்தினோம். கறுப்புத் திரையை மூடிவிட்டு மறுபடி திறக்கச் சொன்னேன். ஏற்கெனவே திறந்திருக்கும் திரை பழைய பட்டியலின் நகலைத்தான் கையில் வைத்திருக்கும். நிறையப் பேர் சரியாகத் திருத்திவிட்டும் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

அவளுடைய அப்பா இதையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஜக்கார்டு அட்டை மாதிரிதான் சார். ஓட்டையெல்லாம் சரியா இருக்கும், கோத்த வரிசை மாறினா புட்டா கோணிக்கும். அதுக்கு நெய்யறவனைக் குத்தம் சொல்ல முடியாது" என்றார்.

அடுத்து அவளுடைய பில்ட் கருவியை ஓட்டினோம். எழுதிய நிரல்களையும் துணைக் கோப்புகளையும் ஒன்று சேர்த்துச் செயலியாக ஆக்கித் தரும் கருவி அது. இவள் பயன்படுத்தியது கிரேடில். இந்த வகைக் கருவிகளுக்கெல்லாம் மூத்தது 'மேக்'. 1976இல் அதே பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அது பிறந்த கதையையும் பெண்ணுக்குச் சொன்னேன். ஸ்டீவ் ஜான்சன் அங்கே பெயர் பெற்ற நிரலாளர். ஒரு நாள் காலை முழுவதும் ஒரு பிழையைத் தேடி அலைந்தார். பிழையை அவர் முன்பே திருத்திவிட்டிருந்தார். திருத்திய பகுதியை மறுபடி தொகுக்க மறந்துவிட்டதால் பழையதே ஓடிக்கொண்டிருந்தது. ஃபெல்ட்மனுக்கும் முதல் நாள் இதே அனுபவம். இந்தத் தொல்லை இனி வேண்டாம் என்றுதான் 'மேக்'கை எழுதினார். அதற்காக 2003இல் ஏசிஎம் அமைப்பின் விருதும் பெற்றார்.

அந்த 'மேக்'கிலும் ஒரு வம்பு உண்டு. கட்டளை வரி 'டேப்' விசையில்தான் தொடங்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இடைவெளிகளைப் போட்டால் ஏற்காது. இதை மாற்றலாமே என்றால், அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஃபெல்ட்மன் விட்டுவிட்டார். அந்தப் பத்துப் பேருக்காக உலகமே இன்றுவரை டேப் விசையைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

பெண் முதல் முறையாகச் சிரித்தாள். ஆனால் கிரேடில் அடுத்த பிழையைக் காட்டியது. கோப்புறையின் பாதையில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் இருக்கின்றனவாம். லேப்டாப் வாங்கிய அன்று ஆசையாகத் தன் பெயரைத் தமிழில் கொடுத்திருக்கிறாள். விண்டோஸ் அதே பெயரில் கோப்புறையை உண்டாக்கிவிட்டது. அவள் வேலை எல்லாம் அதற்குள்தான்.

"தமிழ்ல பேர் வெச்சதுதான் தப்பா தாத்தா? எல்லாத்தையும் அழிச்சிட்டு இங்கிலீஷ்ல வெச்சுக்கட்டுமா?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. 1963இல் வந்த ஆஸ்கி குறிமுறையில் இருந்தவை 128 இடங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும் அதில் அடங்கிவிட்டன. வேறு மொழிக்கு இடம் வைக்கவில்லை. 1991இல் யுனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழ் சேர்ந்துவிட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும் வந்தது. இப்போது நான் இதைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் படிக்கிறீர்கள். ஆனாலும் கருவிகளின் அடியாழத்தில் சில மூலைகள் இன்னும் 1963இலேயே நிற்கின்றன.

"தப்பு உன் பேர்ல இல்லம்மா, அதுங்களுக்குப் படிக்கத் தெரியல" என்றேன். பெயரைத் தொடவில்லை. சி டிரைவில் இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்தில் தனியாக ஒரு கோப்புறை போட்டு, வேலையை அங்கே மாற்றினோம். கிரேடில் தன் சாமான்களைச் சேர்த்து வைக்கும் இடத்தையும் அங்கேயே காட்டினோம்.

மறுபடி ஓட்டியதும் "பில்ட் சக்சஸ்ஃபுல்" என்று வந்தது. செயலி அவள் அப்பாவின் செல்போனில் ஏறியது. தறிக்கூலியும் முன்பணமும் கணக்கு வைக்கும் சின்னச் செயலி. கல்லூரியில் ஏதாவது ஒன்று செய்து காட்டச் சொன்னார்களாம், இவள் இதைச் செய்திருக்கிறாள். அப்பா அன்றைய வரவை அதில் போட்டுப் பார்த்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் கையில் செல்போன் கொஞ்சம் நடுங்கியது.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் "எனக்கு இது வராது" என்று சொல்லக்கூடும். நமக்கு ஜாவா தெரிய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். இடப் பற்றாக்குறையில் யாரோ கட்டிய பரணும், பத்துப் பேருக்காக விட்டுவைத்த விசையும் சேர்ந்துதான் பாதி நேரம் பிள்ளைகளை அழவைக்கின்றன. அது தெரியாமல் அவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

அந்தப் பெண் திங்கட்கிழமை கல்லூரிக்குப் போய்விட்டாள். லேப்டாப்பில் பெயர் இன்னும் தமிழில்தான் இருக்கிறது.