மாவு மூட்டையும் மவுத் ஆர்கனும்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது ஹெலினா. வண்டல் மண், பருத்திக் காடுகள், ஆற்றுத் துறை. 1941 நவம்பரில் இந்தச் சிற்றூர் கே.எஃப்.எஃப்.ஏ. என்ற வானொலி நிலையத்தைப் பெற்றது. கடைசி மூன்று எழுத்துகளும் ஃப்ளாய்ட், ஃபிராங்க்ளின், ஆண்டர்சன் என்ற மூன்று பங்காளிகளுடையவை. ஒலிபரப்பியின் திறன் 250 வாட். உள்ளூர் வியாபாரிகள் விளம்பரம் கொடுத்தால்தான் பிழைப்பு.

நிலையம் தொடங்கிய கையோடு இரண்டு கறுப்பின இசைக்கலைஞர்கள் பங்காளிகளில் ஒருவரான சாம் ஆண்டர்சனைத் தேடி வந்தார்கள். ஒருவர் மவுத் ஆர்கன் வாசிக்கும் ரைஸ் மில்லர். மற்றவர் கிதார்க்காரர் ராபர்ட் லாக்வுட். ப்ளூஸ் இசை மேதை ராபர்ட் ஜான்சனிடமே பாடம் கேட்டவர். வாசிக்க நேரம் வேண்டும் என்றார்கள். நேரத்துக்குக் காசு கொடுக்க ஆள் வேண்டுமே என்று ஆண்டர்சன் அவர்களை மேக்ஸ் மூரிடம் அனுப்பினார். மூர் நடத்தியது இன்டர்ஸ்டேட் குரோசர் என்ற மளிகை மொத்த வியாபாரம். அவர் விற்க வேண்டியிருந்த கோதுமை மாவின் பெயர் கிங் பிஸ்கட். (அந்த ஊர்ப் பக்கம் பிஸ்கட் என்றால் டீயில் முக்கும் சமாசாரம் அல்ல, வீட்டில் சுடச்சுடச் செய்யும் மெத்தென்ற சிறு ரொட்டி.)

அப்படிப் பிறந்ததுதான் ‘கிங் பிஸ்கட் டைம்’. 1941 நவம்பர் 21 அன்று முதல் ஒலிபரப்பு. பிறகு மதியம் 12.15க்குக் கால் மணி நேரம் என்பது நிலைத்தது. பருத்திக் காட்டில் வேலை செய்பவர்கள் சாப்பாட்டுக்கு உட்காரும் வேளை அது. கறுப்பர்கள் தனி வாசல், தனி இருக்கை, தனிப் பள்ளி என்று ஒதுக்கப்பட்டிருந்த காலம். அந்தத் தென் மாநிலத்தில் கறுப்பர் குழுவின் முன் தினமும் மைக் வைக்கப்பட்டதற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல. மாவு வாங்குகிறவர்களில் அவர்கள் ஏராளம் என்ற கணக்குதான்.

கணக்கு பலித்தது. விற்பனை ஏறியதும் அதே நிறுவனம் சோள மாவையும் இறக்கியது. அதற்கு ‘சன்னி பாய்’ என்று பெயர். பையின் மேல் மில்லரின் படம். உண்மையில் சன்னி பாய் வில்லியம்சன் என்பது அப்போது சிகாகோவில் இசைத்தட்டுகளால் புகழ் பெற்றிருந்த வேறொரு மவுத் ஆர்கன் கலைஞரின் பெயர். மில்லர் அதைக் கூச்சமே இல்லாமல் சூட்டிக்கொண்டார். சிகாகோக்காரர் 1948இல் கொலையுண்டார். பெயர் ஹெலினாக்காரருக்கே நிலைத்தது. இன்று இசை வரலாற்று நூல்கள் அவரை ‘இரண்டாம் சன்னி பாய்’ என்று எழுதித் தப்பித்துக்கொள்கின்றன.

இதில் வியப்பு என்னவென்றால், அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது 1951இல்தான். பத்தாண்டுப் புகழுக்குத் தட்டு தேவைப்படவில்லை. வானொலியும் லாரியும் போதுமாக இருந்தன. ஆம், லாரி. குழு லாரியில் ஏறிச் சுற்றுவட்டார மளிகைக் கடைகளின் முன் வாசித்து மாவு விற்றது. நிகழ்ச்சியில் கிடைத்த சம்பளம் சொற்பம். ஆனால் இன்றிரவு எந்த ஊரில் கச்சேரி என்று மைக்கில் அறிவித்துக்கொள்ளலாம். வருமானம் அங்கேதான்.

போட்டி மாவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? லாக்வுட் விலகி, அதே நிலையத்தில் ‘மதர்ஸ் பெஸ்ட்’ மாவுக்கு வாசிக்கப் போனார். ராபர்ட் நைட்ஹாக் என்ற மற்றொரு ப்ளூஸ் கலைஞர் ‘பிரைட் ஸ்டார்’ மாவுக்கு வாசித்தார். ஒரு சிற்றூர் நிலையத்தின் மாவுச் சண்டையில் மிசிசிப்பி டெல்டா வட்டாரத்தின் சிறந்த கலைஞர்கள் பலருக்கு வேலை கிடைத்தது.

கேட்டவர்களின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இண்டியானோலா வட்டாரத்தில் தோட்ட வேலை செய்த இளைஞர் பி.பி. கிங் மதிய இடைவேளையில் இதைக் கேட்டார். பின்னாளில் வெஸ்ட் மெம்ஃபிஸில் சன்னி பாயைத் தேடிப் போய், அங்கே அவர் நடத்திய வானொலி நிகழ்ச்சியில் பாட வாய்ப்புக் கேட்டவரும் கிங்தான். ஹெலினாவுக்கு அருகே வளர்ந்த வெள்ளைக்காரச் சிறுவன் லெவன் ஹெல்ம், கிங் பிஸ்கட் குழுவின் டிரம்ஸ் கலைஞர் பெக் கர்டிஸ் வாசிப்பதை நேரிலேயே பார்த்துப் பழகினான். ‘தி பேண்ட்’ ராக் குழுவின் டிரம்ஸ் கலைஞராகப் பிற்காலத்தில் உலகம் அறிந்தது அவனைத்தான்.

சன்னி பாய் ஐரோப்பா வரை போய் வந்து, 1965இல் ஹெலினாவிலேயே இறந்தார். நேரடிக் குழு ஓய்ந்தபின் நிகழ்ச்சி இசைத்தட்டுகளோடு தொடர்ந்தது. 1951 முதல் அதைத் தொகுத்து வழங்கிய சன்னி பெய்ன் ஒரு வெள்ளைக்காரர். 1992இல் ஒலிபரப்புத் துறையின் பீபாடி விருது பெற்ற அவர், 2018இல் 92 வயதில் மறையும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அதற்குள் ஒலிபரப்புகளின் எண்ணிக்கை 17,000ஐத் தாண்டிவிட்டது.

மாவைவிட மாவின் பெயர்தான் விலைபோனது. 1973இல் தொடங்கிய ஒரு ராக் இசை வானொலித் தொடர் அதைத் தழுவித் தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது. ஹெலினாவில் 1986இல் தொடங்கிய கிங் பிஸ்கட் ப்ளூஸ் விழா, பெயருரிமைத் தகராறில் 2005இல் வேறு பெயருக்கு மாற நேர்ந்தது. சொந்த ஊர் மாவின் பெயரை மறுபடி போட்டுக்கொள்ள விழாக்காரர்களுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.