மாடு திருடனுக்கு அந்தக் காலத்துல என்ன பேர்?

போன மாசம் சென்னையிலிருந்து வந்த தம்பி ஒருத்தர், எங்க மாட்டுக் கொட்டகையில நின்னுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, மாடு திருடுறவனுக்குன்னு பழைய தமிழ்ல தனிப் பேர் ஏதாவது இருந்துச்சா?" எனக்குச் சட்டுன்னு பதில் வரல. அப்புறம் யோசிச்சதையும் தேடிப் படிச்சதையும் இங்கே எழுதுறேன்.

ஆம்பூர்னு சொன்னா உங்களுக்குப் பிரியாணியும் தோல் செருப்பும்தான் ஞாபகம் வரும். மாட்டுக்காகச் செத்தவங்க ஊரும் அதுதான். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நுளம்பன் படை வந்து இந்த ஊர் மாடுகளைப் பிடித்தது. எதிர்த்து நின்று விழுந்த வீரர்களுக்கு நட்ட கல்வெட்டுகள் ஆம்பூரில் கிடைத்திருக்கின்றன. நுளம்பர்கள் ஆந்திராவில் இருக்கும் ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள். அந்தக் காலத்தில் மாடுதான் பணம். ஒரு ஊரை ஒடிக்கணும்னா மந்தையை ஓட்டிக்கிட்டுப் போனால் போதும்.

நம்ம வட ஆற்காடு பக்கத்து நடுகற்களில் மாட்டு மந்தைக்கு எழுதியிருக்கிற சொல் 'தொறு'. மந்தையைப் பிடித்தால் 'தொறு கொள்ளுதல்', திருப்பிக் கொண்டுவந்தால் 'தொறு மீட்டல்', அதில் உயிர் போனவன் 'பட்டான்'. மாடு மேய்ப்பவர்கள் 'தொறுவர்'. பழைய கன்னடத்திலும் 'துறு' என்றால் மாடுதான். இன்னைக்கு எங்க ஊர்ல தொறுன்னு சொன்னா யாருக்கும் புரியாது.

இதைவிடப் பழைய சொல் 'ஆகோள்'. ஆவைக் கொள்வது, அவ்வளவுதான். தொல்காப்பியத்தில் இருக்கிற இந்தச் சொல், 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல்லிலும் தமிழ்ப் பிராமி எழுத்தில் இருந்தது. கி.மு. காலத்துக் கல் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். புத்தகத்துச் சொல் ஒன்று ஊர்க்கல்லிலும் கிடைத்ததால் அறிஞர்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டார்கள்.

மாடு பிடிக்கப் போனவர்கள் வெட்சிப் பூ சூடினார்கள், மீட்கப் போனவர்கள் கரந்தை சூடினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தொல்காப்பியம் வெட்சியைச் சொல்லும்போது, அரசன் அனுப்பிய ஆட்கள் வேற்று நாட்டில் களவாக மாட்டைக் கொண்டுவர வேண்டும், கொண்டுவந்ததைப் பேணிக் காக்கவும் வேண்டும் என்கிறது. திருடின மாட்டுக்குத் தண்ணி காட்டணும்கிறதும் இலக்கணத்துல சேர்த்திதான்! மாடு வச்சிருக்கிற எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

இதுல ஒண்ணு கவனிச்சீங்களா? களவு உண்டு, கள்ளன்னு யாரையும் சொல்லல. அரசன் அனுப்பினால் அது போர், போனவன் வீரன்.

அப்போ 'கள்ளன்' எங்கேதான் வர்றான்? அதற்கும் ஒரு கல் இருக்கு. திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூர். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற வீரன் அங்கே பட்டான். பக்கத்திலேயே அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்லே சொல்கிறது. வந்தவர்கள் எந்த அரசன் படை என்ற பேச்சே அங்கே இல்லை. நாய்க்கு அரசன் ஆணை தெரியுமா? அதுக்கு எல்லாரும் கள்ளன்தான். மாட்டைப் பறிகொடுத்தவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இன்னொரு சொல், 'கொண்டி'. சங்க காலத்தில் கொண்டி என்றால் கொள்ளை, கொள்ளையடித்த பொருள். பிற்பாடு அடங்காமல் ஊர்ப்பயிரை மேயும் மாடு 'கொண்டி மாடு' ஆச்சு. அதைப் பிடித்து அடைக்கிற இடம் 'கொண்டித் தொழு'. வெள்ளைக்காரன் 1871-இல் கால்நடை அத்துமீறல் சட்டம் போட்டு, ஊர் ஊராக அந்தப் பட்டிகளுக்கு விதி வைத்தான். பயிரை மேய்ந்த மாட்டை அடைத்துவிடலாம், சொந்தக்காரர் அபராதமும் தீனிச் செலவும் கட்டி மீட்கணும், யாரும் வரலைன்னா ஏலம். கொள்ளைன்னு அர்த்தம் இருந்த சொல், கொள்ளையடிச்ச மாட்டுக்கே ஜெயில் ஆயிடுச்சு.

இந்தச் சொல் எங்க வீட்டுக்குள்ள வந்த கதையைச் சொல்லிடறேன்.

எங்க தாத்தா காலத்துல ஒரு நாள் ராத்திரி ஒத்தை எருது காணாமப் போச்சு. முந்தின நாள்தான் தோல் வாங்குற பெரியவர் ஒருத்தர் சைக்கிள்ல எங்க தெருவுக்கு வந்திருந்தார். மாடு செத்தாலும், ஆடு அறுத்தாலும் தோலை அவர்தான் எடுத்துக்குவார். இந்தப் பக்கம் தோல் ஷாப்புகளுக்குப் போற சரக்கெல்லாம் அப்படிச் சேர்ந்ததுதான். 'மாடு போச்சுன்னா தோல்காரன்தான்'னு யாரோ சொன்னாங்க. மறுபடி அவர் வந்தப்போ நடுத்தெருவுல நிறுத்தி, மூட்டையை அவிழ்க்கச் சொன்னாங்க. உள்ளே உப்புப் போட்ட ஆட்டுத்தோல் நாலு இருந்துச்சு. அவர் ஒண்ணும் பேசாம மறுபடி கட்டிக்கிட்டுப் போனார்.

மூணாம் நாள் எருது கிடைச்சுது, பக்கத்து ஊர்க் கொண்டித் தொழுவுல. யாரோட கேழ்வரகையோ மேய்ஞ்சுட்டு ஜம்முன்னு நின்னுச்சு. தாத்தா அபராதம் கட்டி ஓட்டிக்கிட்டு வந்தார். அந்தப் பெரியவர் அதுக்கப்புறம் எங்க தெருவுக்கு வரவே இல்லை. தாத்தா பேரணாம்பட்டு போறப்பல்லாம் அவரைத் தேடினாராம். பார்த்தாரா, மன்னிப்புக் கேட்டாரான்னு ஆயா கடைசி வரைக்கும் சொல்லல.

தம்பிக்கு என் பதில் இதுதான். மாடு திருடனுக்குன்னு தனிப் பேர் எனக்குக் கிடைக்கல. படையோட வந்தவனுக்குப் பூவும் துறையும் இருந்துச்சு. தனியா வந்தவன் வெறும் கள்ளன். திருடாமலே அந்தப் பேரை வாங்கிக்கிட்டுப் போனவருக்கு எந்தக் கல்லும் யாரும் நடல. அதனாலதான் இங்கே எழுதி வச்சேன்.