நரம்புக்குள் நுழைந்த கத்தி

காலில் ஆணி குத்தினால் ஏற்பூசி போட ஓடுகிறோம். அந்த ஏற்புவலியை உண்டாக்கும் நஞ்சும், கெட்ட இறைச்சியில் உருவாகும் பொட்டுலினம் நஞ்சும் நாம் அறிந்தவற்றில் மிகக் கொடியவை. நரம்புக் கலம் தன் செய்தியை எப்படி வெளியே விடுகிறது என்பதைக் காட்டிக்கொடுத்தவையும் இவைதான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் சொசேஜ் சாப்பிட்ட சிலர் கண்ணிமை தொங்கி, விழுங்க முடியாமல், மூச்சடைத்து இறந்தார்கள். 1820களில் யுஸ்டினஸ் கெர்னர் என்ற வைத்தியர் (கவிஞரும்கூட) இதை ஆராய்ந்தார். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்ததோடு நிற்காமல் அந்த நஞ்சைத் தானும் சுவைத்துப் பார்த்தார்! நோயாளியின் அறிவு தெளிவாகவே இருக்கிறது, நரம்பின் கட்டளைதான் தசைக்குப் போய்ச் சேருவதில்லை என்று கண்டுகொண்டார். நோய்க்குப் பற்றீரியா காரணம் என்பதையே வைத்திய உலகம் அறியாத காலம் அது.

1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் மரணச் சடங்கொன்றில் வாசிக்கப் போன இசைக்குழுவினர் பன்றி இறைச்சி சாப்பிட்டதில் 3 பேர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கம் அந்த இறைச்சியிலிருந்து பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார்.

1949இல் இங்கிலாந்தில் பர்கன், டிக்கன்ஸ், சட்மன் மூவரும் ஒன்றைக் காட்டினார்கள். நஞ்சேறிய தசைக்கு அசற்றைல்கோலினை நேரடியாகக் கொடுத்தால் அது சுருங்குகிறது. அப்படியென்றால் தசையில் பழுதில்லை. நரம்பு முனையிலிருந்து அசற்றைல்கோலின் வெளிவருவதுதான் நின்றுபோயிருக்கிறது.

ஆனால் ஒரு புதிர். ஏற்புவலியில் தாடை இறுகி முதுகு வில்லாக வளையும். பொட்டுலினத்தில் உடம்பு தளர்ந்து விழும். இரண்டும் நேரெதிர்.

விடை 1992இல் வந்தது. இத்தாலியின் பதுவா நகரில் ஷியாவோ, மொன்தெக்குக்கோ குழுவினர், இந்த நஞ்சுகள் நாகத்தைப் பிடித்துவைத்துப் புரதத்தை வெட்டும் நொதியங்கள் என்று கண்டார்கள். கடத்துபதார்த்தம் சிறு புடகங்களில் அடைபட்டிருக்கும். புடகம் கலமென்சவ்வோடு ஒட்டி உருகினால்தான் அது வெளியேறும். புடகத்தின் மேலுள்ள சினப்டோபிரெவின் என்ற புரதத்தை ஏற்பு நஞ்சும் வெட்டுகிறது, பொட்டுலினம் பி வகையும் வெட்டுகிறது. அதுவும் ஒரே இடத்தில்! வேறுபாடு வெட்டில் இல்லை, இடத்தில். பொட்டுலினம் தசையருகே உள்ள நரம்பு முனையிலேயே தங்கிவிடுகிறது. ஏற்பு நஞ்சோ நரம்பு வழியே முண்ணாண் வரை ஏறி, தசையை அடக்கிவைக்கும் நரம்புக் கலங்களின் வாயை அடைத்துவிடுகிறது. அடக்க ஆளில்லாத தசை இறுகாமல் என்ன செய்யும்?

மறு வருடமே ஏ வகை ஸ்னாப்-25 என்ற புரதத்தையும், சி வகை சின்டக்சினையும் வெட்டுவது தெரிந்தது. அதே 1993இல் அமெரிக்காவில் ரொத்மன், புடகம் ஒட்டும் முறையை வேறு வழியில் தேடிப்போய் இதே மூன்று புரதங்களில் வந்து நின்றார். அவை இல்லாமல் சுரப்பு நடக்காது என்பதற்கு நஞ்சுகளின் வெட்டே சாட்சி.

2013இல் மருத்துவ நோபல் பரிசு ரொத்மன், ஷெக்மன், சூடொஃப் மூவருக்கும் கிடைத்தது. பதுவாக்காரர்களின் பெயர் அதில் இல்லை. நமக்கு அது ஒரு குறையாகவே படுகிறது.