ஃப்ரெஸ்னோ திறந்து வைத்த வாசல்

கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஃப்ரெஸ்னோ, உலர்திராட்சைக்குப் பேர்போன ஊர். அமெரிக்க பேஸ்பால் வரலாற்றில் அதற்குரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். பள்ளியில் யார் கண்ணிலும் படாத பையன் இரண்டாண்டு ஜூனியர் காலேஜில் தேறி, பல்கலைக்கழகம் புகுந்து, தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறான் அல்லவா? அந்தப் பாதையின் பெரும்பகுதி இந்த ஊரில்தான் போடப்பட்டது.

இதே மாநிலத்தில் அப்படியொரு கல்லூரியில் நான் கணக்குப் பாடம் நடத்துகிறேன். காலை வகுப்புக்கு வரும் பேஸ்பால் பையன்களின் காலணியில் மைதானத்து மண் ஒட்டியிருக்கும். "பல்கலைக்கழகத்துக்கு மாற இந்த மார்க் போதுமா?" என்பதுதான் அவர்களின் ஓயாத கேள்வி. அவர்களுக்காகத்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

நாட்டின் முதல் அரசு ஜூனியர் காலேஜ் 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில், ஆறே மாணவர்களோடு தொடங்கியது. கலிஃபோர்னியாவில் முதலாவது, 1910இல் ஃப்ரெஸ்னோவில் வந்தது. வெளியூருக்கு அனுப்பிப் படிக்கவைக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் உள்ளூரிலேயே இரண்டு வருடம் படிக்க முடிந்தது.

ஆனால் விளையாட்டில் இவர்களைப் பெரிய கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. தேசியத் தடகளப் போட்டியில் தங்கள் மாணவர்களுக்கு இடம் கேட்டு மறுக்கப்பட்ட பயிற்சியாளர்கள் 1937இல் ஃப்ரெஸ்னோவில் கூடினார்கள். அடுத்த ஆண்டே ஜூனியர் காலேஜ்களுக்கான தேசிய விளையாட்டுச் சங்கம் பிறந்தது. அதன் பேஸ்பால் வாகையர் போட்டி 1958இல் தொடங்கியது. 1959 முதல் கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனில் நடந்துவருகிறது.

அந்தச் சங்கம் உருவான நாட்களில் பாசடீனா ஜூனியர் காலேஜில் ஒரு கறுப்பின இளைஞர் ஆடிக்கொண்டிருந்தார். அங்கிருந்து யூ.சி.எல்.ஏ.வுக்குப் போன அவர், 1947இல் பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்தார். அவர்தான் ஜாக்கி ராபின்சன்.

ஃப்ரெஸ்னோவின் சொந்தப் பிள்ளை டாம் சீவர். 1962இல் பள்ளி முடித்தபோது அவர் சிறிய உடம்புக்காரர். பந்தில் வேகம் போதாது. பள்ளி அணியின் நட்சத்திரப் பந்துவீச்சாளர் டிக் செல்மாதான். சீவரை எந்தப் பெரிய கல்லூரியும் அழைக்கவில்லை. உலர்திராட்சை ஆலையில் பெட்டி தூக்கினார். மரைன் படையின் ரிசர்வில் சேர்ந்து பயிற்சி பெற்றார். அதற்குள் உயரமும் தோள் வலுவும் கூடின. பிறகு ஃப்ரெஸ்னோ சிட்டி காலேஜில் சேர்ந்து, ஒரு பருவத்தில் 11 வெற்றி, 2 தோல்வி என்று பந்துவீசினார். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ராட் டிடோ அதன் பிறகே அவரைக் கவனித்தார். 1964 கோடையில் அலாஸ்காவுக்கு அனுப்பிச் சோதித்துவிட்டு உதவித்தொகை தந்தார். 1967இல் நியூயார்க் மெட்ஸ் அணியில் இறங்கிய சீவர் 311 ஆட்டங்களை வென்றார். 1992இல் புகழ் மன்றத்துக்குள் நுழைந்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது காலம். அந்தக் காலத்தைக் கொடுத்தது ஊர்க்காசில் நடந்த கல்லூரி. கலிஃபோர்னியாவின் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 1984 வரை மாநிலத்து மாணவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்கியதில்லை.

புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 1965இல் வந்தது. அது இந்தப் பாதைக்கு இன்னொரு பலம் சேர்த்தது. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தவரைப் பொதுவாக மூன்று வருடமோ 21 வயதோ ஆகும்வரை அணிகள் தேர்ந்தெடுக்க முடியாது. ஜூனியர் காலேஜ் மாணவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. கான்சஸ் சிட்டியின் மேப்பிள் வுட்ஸ் கல்லூரியில் ஒரே பருவம் ஆடிய ஆல்பர்ட் புஹோல்ஸ் 1999இல் 402ஆவது ஆளாகத் தேர்வானார். பிற்பாடு 703 ஹோம் ரன் அடித்தார்.

இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்தால் வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள். பதினெட்டு வயதில் ஒருவனை அளந்து முடித்துவிட முடியாது என்பதற்கு ஃப்ரெஸ்னோ சாட்சி. பிள்ளைக்கு இரண்டு வருடம் கொடுங்கள். அந்தக் கல்லூரிகளுக்கு உங்கள் வரிப்பணத்தையும் மரியாதையையும் மனதாரக் கொடுங்கள்.