காவலுக்கு வைத்தவர் மறந்தால்

பெர்ல் மொழியில் எனிஈவென்ட் என்ற லைப்ரரியை முதல்முறையாகத் தொடுகிறவர்கள் அநேகமாக இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள். ஐந்து விநாடி கழித்து இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு என்று ஒரு டைமர் எழுதி ஓட்டிப் பார்ப்பார்கள். ஐந்து விநாடி போகும், பத்துப் போகும், ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தியும் வராது. எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் குறை தெரியாது. டைமரை உண்டாக்கியபோது லைப்ரரி ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தது. அதை எந்த மாறியிலும் வாங்கி வைக்கவில்லை, அவ்வளவுதான். வாங்க ஆளில்லாத பொருளைப் பெர்ல் அந்தக் கணமே அழித்துவிடும். டைமரும் அதோடு போயிற்று.

அந்தப் பொருளின் பெயர் வாட்சர். காவலாளி என்றே வைத்துக்கொள்ளலாம். எதற்காகக் காத்திருக்க வேண்டும், அது நடந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இரண்டும் அதனிடம் இருக்கும். கூப்பிடப்படும் ஃபங்ஷன் கால்பேக். காத்திருந்து, நடந்தது எது என்று பார்த்து, அதற்குரிய கால்பேக்கை ஓட்டிவிட்டு, மறுபடி காத்திருக்கப் போகிற சக்கரம் ஈவென்ட் லூப். இதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதுகிறார்கள். ஒரே சர்வர் எத்தனை ஆயிரம் இணைப்புகளைத் தாங்கியது, எந்த ஆண்டில் தாங்கியது என்று போகும். அது பாதிக் கதை. வைத்த காவலை யார் எடுப்பது, எப்போது எடுப்பது என்ற தகராறு மீதிப் பாதி. சுவை அதில்தான் அதிகம்.

1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 4.2பிஎஸ்டி யூனிக்ஸில் 'செலக்ட்' என்ற அழைப்பு இருந்தது. பல இணைப்புகளில் எதில் தரவு வந்திருக்கிறது என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் ஒரே தடவையில் கேட்க உதவுவது. கேட்கும் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் கொடுக்க வேண்டும். கெர்னல் அதை ஒன்றுவிடாமல் பார்த்து, தயாரானவற்றை மட்டும் குறித்து, கொடுத்த பட்டியலின் மேலேயே எழுதித் திருப்பித் தரும். அடுத்த சுற்றுக்குப் பட்டியலை மறுபடி தயாரிக்க வேண்டியதுதான். லினக்ஸில் இந்தப் பட்டியலுக்கு 1024 என்ற உச்சவரம்பும் உண்டு. பிறகு சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் பக்கமிருந்து 'போல்' வந்தது. (தமிழில் எழுதினால் உவம உருபாகிவிடுகிறது, செலக்டைப் போலத்தான் போலும் என்று சொன்னால் பொய்யில்லை.) உச்சவரம்பு போயிற்று, ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியல் கொடுக்கும் வேலை போகவில்லை.

மந்தமான ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு சுத்தம் இருந்தது. பதில் சொன்ன மறுநொடி கெர்னல் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஓர் இணைப்பு வேண்டாம் என்றால் அடுத்த பட்டியலில் எழுதாமல் விட்டால் போதும். நீக்கு என்று தனியாக யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மறதிக்குக் கொடுத்த விலை 1990-களின் கடைசியில் வலையுலகம் பெருத்தபோது தெரிந்தது. டான் கெகல் என்ற புரோகிராமர் 1999-இல் 'சி10கே' என்று ஒரு கேள்வி எழுப்பினார்: ஒரே சர்வர் 10,000 பேருக்கு ஒரே நேரத்தில் ஏன் சேவை செய்யக் கூடாது? வன்பொருளில் தடையில்லை, இயங்குதளமும் நிரல் எழுதும் முறையும்தான் தடை என்பது அவர் வாதம். ஆளுக்கொரு த்ரெட், அதாவது இணையாக ஓடும் இழை, ஒதுக்கலாம் என்றவர்களுக்கு டிசிஎல் மொழியை உருவாக்கிய ஜான் ஆஸ்டர்ஹவுட் அதற்கு முன்பே பதில் சொல்லியிருந்தார். பெரும்பாலான வேலைகளுக்கு த்ரெட் கெட்ட யோசனை என்பதே அவர் 1990-களின் நடுவில் ஆற்றிய உரையின் தலைப்பு. பூட்டுகளோடு மல்லுக்கட்டுவதைவிட ஒரே லூப்பும் கால்பேக்குகளும் மேல் என்றார்.

10,000 இணைப்பில் பத்து மட்டும் விழித்திருக்கும்போது மீதி 9,990-ஐயும் ஒவ்வொரு சுற்றிலும் தட்டிப் பார்ப்பது வீண். தீர்வு எளிது: கெர்னலே பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி 4.1-இல் ஜோனதன் லெமன் எழுதிய 'கேகியூ' வந்தது. லினக்ஸுக்கு டேவிடே லிபென்சி எழுதிய 'இபோல்' 2002-இல் சோதனைப் பதிப்புகளில் நுழைந்து, 2003 டிசம்பரில் 2.6 கெர்னலோடு பரவலானது. இரண்டிலும் ஒருமுறை பதிந்தால் போதும். விழித்தது எதுவோ அதை மட்டும் கெர்னல் சொல்லும்.

சிக்கலும் அங்கேயே தொடங்கியது. நினைவு வைத்திருப்பவரிடம் மறக்கச் சொல்ல வேண்டுமே.

யூனிக்ஸில் திறந்திருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. மூடியதும் அந்த எண் காலியாகும். அடுத்து வரும் இணைப்புக்கு, காலியாக இருப்பதில் ஆகச் சிறிய எண் தரப்படும். 7-ஆம் எண்ணில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார் என்று வையுங்கள். அவர் போகிறார், இணைப்பு மூடப்படுகிறது, வாட்சரை நிறுத்த மட்டும் மறந்துபோகிறது. அடுத்த நொடி வேறொருவர் வருகிறார், அவருக்கும் 7 கிடைக்கிறது. இப்போது புதியவர் அனுப்பும் தரவு பழையவரின் கால்பேக்குக்குப் போகலாம். வீடு காலி செய்தவரின் தபால் புதுக் குடித்தனக்காரர் கையில் கிடைப்பதன் மறுபக்கம் இது. சோதனையில் இது சிக்காது. கூட்டம் மிகுந்த நேரத்தில், எப்போதோ ஒருமுறை, காரணம் தெரியாமல் வரும்.

இபோலில் இன்னொரு வினோதமும் உண்டு. அது நினைவில் வைப்பது எண்ணை மட்டும் அல்ல, எண்ணுக்குப் பின்னால் கெர்னலுக்குள் திறந்திருக்கும் பொருளையும் சேர்த்து. ஒரு நிரல் தன்னையே நகலெடுக்கும் ஃபோர்க் மூலம் பிறந்த பிள்ளை நிரலிடம் அதே பொருள் இன்னும் திறந்திருந்தால், தாய் நிரல் தன் எண்ணை மூடிய பிறகும் அதற்குச் செய்தி வந்துகொண்டிருக்கும். நிறுத்தச் சொல்லலாம் என்றால், சொல்வதற்கு எண் கையில் இல்லை.

இந்த மாதிரிக் குழிகளை மூடத்தான் லைப்ரரிகள் வந்தன. நீல்ஸ் ப்ரோவோஸ் 2000 வாக்கில் தொடங்கிய 'லிப்-ஈவென்ட்', செலக்டோ கேகியூவோ இபோலோ, கீழே எது இருந்தாலும் மேலே ஒரே முகம் காட்டியது. மெம்கேஷ், டோர் ஆகிய மென்பொருள்கள் அதன்மேல்தான் எழுந்தன. 2007-இல் மார்க் லேமான் 'லிப்-ஈவி'யை எழுதினார். இணைப்புக்கும் டைமருக்கும் சிக்னலுக்கும் ஒரே வகைப் பொருளை லிப்-ஈவென்ட் பயன்படுத்த, அவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாட்சர் வகை வைத்தார். ஐந்து விநாடி கழித்து என்பதற்கு ஒரு வாட்சர், நாளைக் காலை ஆறு மணிக்கு என்பதற்கு வேறொரு வாட்சர். யாராவது கணினிக் கடிகாரத்தைத் திருத்தினால் இரண்டாவதுதான் நகர வேண்டும், முதலாவது அசையக் கூடாது. தனியாக வைத்தது சரிதான்.

லிப்-ஈவியின் கையேடு இபோலைத் திட்டுவதில் பேர்போனது. ஆனால் திட்டியதோடு நிற்கவில்லை. இபோலிடம் ஓர் எண்ணைப் பதியும்போது கூடவே 64 பிட் குறிப்பு ஒன்றை வைக்கலாம். அதன் ஒரு பாதியில் இணைப்பு எண்ணையும், மறுபாதியில் இது எத்தனையாவது பதிவு என்ற எண்ணையும் லிப்-ஈவி எழுதிவைக்கிறது. 7-க்கு என்று செய்தி வந்தால், எந்த 7 என்று பார்த்து, பழையதாக இருந்தால் ஒதுக்கிவிடும்.

அதே நிரலில் இன்னொரு நுணுக்கம். ஒரே சுற்றில் இரண்டு வாட்சர்கள் விழித்திருக்கின்றன. முதல் வாட்சரின் கால்பேக், இரண்டாவதை நிறுத்திவிடுகிறது. இரண்டாவது ஏற்கெனவே வரிசையில் நிற்கிறது. கூப்பிட்டால் செத்தவரைக் கூப்பிட்டது போலாகும். வரிசையிலிருந்து உருவினால் நடுவில் ஓட்டை விழும். லேமான் அந்த இடத்தில் ஒன்றும் செய்யாத பொம்மை வாட்சர் ஒன்றை நிறுத்திவிட்டார். வரிசை கலையவில்லை.

எனிஈவென்டும் லேமானுடையதே. அங்கே அவர் நிறுத்து என்ற கட்டளையையே எடுத்துவிட்டார். மாறி உயிரோடு இருக்கும்வரை காவல் இருக்கும், மாறி போனால் காவலும் போகும். அழகான முடிவு, தொடக்கத்தில் பார்த்த தொல்லை அதன் மறுமுனை. அனுபவசாலிகள் மாறியை முதலில் தனி வரியில் அறிவிப்பார்கள், அடுத்த வரியில் டைமரை அதில் வைப்பார்கள், கால்பேக்கின் உள்ளே அதே மாறியைக் காலி செய்வார்கள். தனி வரி எதற்கு என்றால், ஒரே வரியில் எழுதும்போது உள்ளே இருக்கும் கால்பேக்குக்கு அந்த மாறி இன்னும் கண்ணில் படாது. கால்பேக்கின் உள்ளே மாறியைப் பயன்படுத்திவிட்டுக் காலி செய்ய மறந்தால், வாட்சர் கால்பேக்கைப் பிடித்துக்கொள்ள, கால்பேக் வாட்சரைப் பிடித்துக்கொள்ள, இரண்டும் நிரல் முடியும்வரை நினைவகத்தில் குடியிருக்கும்.

2009 நவம்பரில் பெர்லினில் ரயன் டால், ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்-ஐ அறிமுகப்படுத்தினார். நினைவகத்திலிருந்து எடுக்க 250 கணிப்பொறிச் சுழற்சிகள், டிஸ்கிலிருந்து எடுக்க 4 கோடியே 10 லட்சம், நெட்வொர்க்கிலிருந்து எடுக்க 24 கோடி என்று அவர் காட்டிய அட்டவணை, சும்மா காத்திருப்பதன் செலவை ஒரு தலைமுறைக்கே விளங்க வைத்தது. நோட் முதலில் ஓடியது லிப்-ஈவியின் மேல்தான். விண்டோஸுக்கும் வேண்டும் என்றபோது அது போதவில்லை. தரவு வந்திருக்கிறது, எடுத்துக்கொள் என்பது யூனிக்ஸ் வழக்கம். நீ கொடுத்த இடத்தில் நிரப்பிவிட்டேன் என்பது விண்டோஸ் வழக்கம். நிரப்பும் வேலை கெர்னலிடம் இருக்கும்போது அந்த இடத்தை விடுவித்தால் ஆபத்து. அதனால் நோட்டுக்காக 2011-இல் பிறந்த 'லிப்-யுவி'யில் மூடுவதற்கும் ஒரு கால்பேக் வைத்தார்கள். மூடு என்று சொன்னால் போதாது, மூடியாயிற்று என்று அது திருப்பிச் சொல்லும்வரை நினைவகத்தைத் தொடக் கூடாது.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இவ்வளவு அடிமட்டத்துக்கு இறங்குவதில்லை. ஆனால் ஒரே நிகழ்வுக்கு 11-ஆவது கால்பேக்கைச் சேர்க்கும்போது, நினைவகம் கசிகிறதோ என்று நோட் எச்சரிப்பதை அநேகமாக எல்லாரும் பார்த்திருப்பார்கள். அந்த வரம்பை உயர்த்தி எச்சரிக்கையை வாயடைத்துவிட்டுப் போகிறவர்கள் பலர். பழையதை நீக்கினோமா என்று போய்ப் பார்ப்பதே சரியான வேலை.

2014-இல் பைத்தான் 3.4-உடன் 'அசின்க்ஐஓ' என்ற ஈவென்ட் லூப் லைப்ரரி வந்தது. மறு ஆண்டு அசின்க், அவெய்ட் என்ற சொற்கள் மொழியிலேயே சேர்ந்தன. கால்பேக்குக்குள் கால்பேக் எழுதிச் சலித்தவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஆனால் அங்கும் லூப்பில் ஓடும் வேலையான டாஸ்க் ஒன்றை உண்டாக்கிவிட்டு மாறியில் வாங்கி வைக்காவிட்டால், வேலை பாதியில் இருக்கும்போதே அது குப்பையோடு அள்ளப்படலாம். லூப் அதை இறுகப் பிடித்துக்கொள்வதில்லை. 2022-இல் வந்த பைத்தான் 3.11-இன் டாஸ்க்குரூப், தன்னிடம் ஒப்படைத்த டாஸ்க்குகளைத் தானே பிடித்துவைக்கிறது. தனியாக உண்டாக்கும் டாஸ்க்குக்கு அந்த வசதி இல்லை. திருப்பிக் கொடுப்பதை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணம் இன்றும் எச்சரிக்கிறது.