காலம் தாழ்த்திய புரவலர்

புரவலர் என்றதும் ஈந்து புகழ்பெற்றவர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். காலம் தாழ்த்தியதனாலேயே இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட புரவலர் ஒருவரும் உண்டு. அவர் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் செஸ்டர்பீல்டு பிரபு. அவரைக் கல்லாதவர் என்றோ கலையை வெறுத்தவர் என்றோ ஒதுக்கிவிட்டால் அவர் வாழ்க்கை உணர்த்தும் உண்மை நமக்குக் கிட்டாது. எழுத்தாளரின் நிலையை நன்குணர்ந்து பேசியவர் அவர். உணர்ந்தவரே தவறினார் என்பதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவது.

பிலிப் டார்மர் ஸ்டேன்ஹோப் என்பது அவர் இயற்பெயர். 1694ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் லண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று, இருபத்தொரு வயது நிரம்புமுன்பே 1715இல் காமன்ஸ் சபை உறுப்பினரானார். 1726இல் தந்தை மறைய, செஸ்டர்பீல்டின் நான்காம் ஏர்ல் என்னும் பட்டமும் பிரபுக்கள் சபையில் இடமும் அவருக்கு வந்தன. 1728 முதல் 1732 வரை ஹேக் நகரில் இங்கிலாந்தின் தூதராக இருந்தார். முதன்மை அமைச்சர் வால்போல் கொண்டுவந்த ஆயத்தீர்வை மசோதாவை எதிர்த்தமையால் 1733இல் தம் அரசவைப் பதவியை இழந்தார்.

அவர் நாவன்மை முழுமையாக வெளிப்பட்டது 1737இல். அரசை எள்ளிய நாடகங்களைப் பொறாத வால்போல், அனுமதி பெறாத எந்த நாடகமும் மேடையேறலாகாது என்று சட்டம் கொண்டுவந்தார். பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்து எழுந்தார் செஸ்டர்பீல்டு. அறிவுநயமும் ஒருவகைச் சொத்தே; அதனையுடைய பலருக்கு வேறு சொத்து இல்லை; இச்சட்டம் அச்சொத்தின்மீது விதிக்கும் வரி என்பது அவர் வாதம். சட்டம் நிறைவேறியது, நாடகத்திற்கு முன் அனுமதி பெறும் முறை 1968 வரை நீடித்தது. ஆயினும், எழுதி வாழ்பவனின் வறுமையைப் பிரபுக்களின் முன் எடுத்துரைத்த பெருமை அவருக்கு உண்டு.

1745இல் அயர்லாந்தின் ஆளுநராகச் சென்றார். ஸ்காட்லாந்தில் கிளர்ச்சி மூண்டிருந்த அந்நாளில், கத்தோலிக்கரை மேலும் ஒடுக்கவேண்டும் என்ற குரல்களுக்கு அவர் இடங்கொடுக்கவில்லை. 1746 முதல் 1748 வரை அரசுச் செயலராக இருந்தார். 1751இல் நாட்காட்டிச் சீர்திருத்த மசோதாவைப் பிரபுக்கள் சபையில் முன்மொழிந்தார். அதன்படி 1752ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாளுக்கு அடுத்த நாள் 14ஆம் நாளாயிற்று. வானியல் கணக்கு தமக்கு விளங்காது; விளங்கிய மேக்கிள்ஸ்பீல்டு பிரபுவைவிடத் தம் பேச்சழகே சபையைக் கவர்ந்தது என்று மகனுக்கு எழுதிய மடலில் அவரே ஒப்புகிறார். சொல்லின் ஆற்றலை அறிந்தவர். அதனை வைத்தே வென்றவர்.

இத்தகையவரிடந்தான் சாமுவேல் ஜான்சன் வந்தார். ஆங்கிலப் பேரகராதி ஒன்றை இயற்ற முனைந்த அவர், 1747இல் அதன் திட்டத்தைச் செஸ்டர்பீல்டை விளித்து எழுதி வெளியிட்டார். பிரபு பத்துப் பவுன் தந்தார். அதன்பின் ஆதரவு இல்லை. ஜான்சன் ஏழாண்டுகள் உழைத்தார். இடையில், 1752இல், மனைவியையும் இழந்தார். 1754இன் இறுதியில், அகராதி வெளிவரவிருந்த வேளையில், ‘தி வேர்ல்டு’ இதழில் அதனைப் பாராட்டி இரு கட்டுரைகள் வந்தன. எழுதியவர் செஸ்டர்பீல்டு.

1755 பிப்ரவரி 7ஆம் நாள் ஜான்சன் அவருக்கு ஒரு மடல் எழுதினார். பரிசில் நீட்டித்தவழி வேண்டி நிற்றலைப் பரிசில் கடாநிலை என்று நம் இலக்கணம் வகுக்கும். ஜான்சனின் மடல் அத்துறையில் அடங்காது. அது வேண்டவில்லை, விலக்கியது. உழைத்த நாளில் வாராத துணை, முடித்த நாளில் தமக்குத் தேவையில்லை என்பதை வணக்கச் சொல் குன்றாமல் அது தெரிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அகராதி இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. செஸ்டர்பீல்டோ அம்மடலை மறைக்கவில்லை. மேசைமேல் வைத்து, வந்தவர்க்குக் காட்டி, அதன் நடையைப் புகழ்ந்தார் என்று பாஸ்வெல் பதிவு செய்கிறார். மடலின் நயத்தைச் சுவைத்தவருக்கு அதன் வலி எட்டியதா என்பது ஐயமே.

அவ்வேழாண்டும் ஜான்சனைத் தாங்கியவர்கள் புத்தக வணிகர்கள். 1746இல் அவர்கள் ஒப்பிய தொகை 1,575 பவுன். உதவியாளர் அறுவரின் ஊதியமும் அதிலேயே அடங்கும். இதனால் புரவலர்காலம் அன்றே முடிந்தது என்று கூறிவிட இயலாது. 1762இல் அரசர் அளித்த ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகையை ஜான்சனே ஏற்றார். அவர் மறுத்தது கொடையை அன்று. உழைப்பில் பங்கின்றிப் புகழில் பங்கு கொள்வதையே.

செஸ்டர்பீல்டின் முதுமை செவிடும் தனிமையுமாய்க் கழிந்தது. எந்த மகனைச் சான்றோனாக்க மடல்மேல் மடல் எழுதினாரோ, அம்மகன் 1768இல் இறந்தான். அவன் மறைவாக மணம் புரிந்திருந்ததும் அதன் பின்னரே தந்தைக்குத் தெரிந்தது. 1773 மார்ச் 24இல் அவரும் மறைந்தார். மறு ஆண்டே அம்மருமகள் அம்மடல்களை அச்சேற்றினார். அரசியலில் அவர் வகித்த பதவிகளை இன்று நினைவுகூர்வார் அரியர். அவர் எழுதிய மடல்களும் அவருக்கு வந்த ஒரு மடலுமே அவர் பெயரைக் காத்து நிற்கின்றன.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்தில் பிரபுக்கள் இல்லை. பத்துப் பவுன் தர வல்லாரும் மிகச் சிலரே. ஆயினும் அச்சேறாத கவிதையை அமர்ந்து கேட்கும் செவியும், திருத்தம் சொல்லும் துணிவும் நம்மிடம் உள்ளன. நூல் புகழ்பெற்றபின் எழுதும் மதிப்புரையினும், அது கையெழுத்துப் படியாய் இருக்கும் நாளில் நாம் தரும் ஒரு மாலைப்பொழுதே கவிஞனுக்கு உதவும். அடுத்த பத்தாண்டிலும் அதனைக் காலம் தாழ்த்தாமல் தருவோமாக.